வாடை முதலா, தண்ணீர் முதலா

அக்டோபர் 6, திங்கள்

மூட்டம். தூறல்கூட இல்லை. பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

காபி ஆறுவதற்குள் ஒரு போன். நாகூரிலிருந்து. இளம் பெண் குரல். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசியது.

“திருச்சி பிளைட் செய்தி போட்டது நீங்கதானே?”

“ஆமாம்மா. சொல்லுங்க.”

“‘பயணி ஒருவர் தண்ணீர் ஊற்றியதால் தீப்பிடித்ததாகக் கூறப்படுகிறது.’ யாரு சார் கூறினது?”

நான் அனுப்பியதில் அந்த வரி இல்லை. போன வாரம் வளைகுடாவுக்குக் கிளம்பிய மாலை விமானம். பின்பகுதியில் புகை, திரும்பி வந்து இறங்கியது. இரண்டு பேருக்கு மூச்சுத் திணறல், வேறு சேதம் இல்லை. பின்வரிசைப் பக்கம் மின்கம்பிகள் எரிந்திருந்தன. இவ்வளவுதான் என் செய்தி. தண்ணீர் வரி விமானக் கம்பெனி அறிக்கையிலிருந்து டெஸ்க்கில் சேர்ந்தது.

இதைச் சொன்னேன்.

“அது உங்க ஆபீஸ் விவகாரம் சார். தண்ணி ஊத்தினது எங்க உம்மா. தெருவுல தலைகாட்ட முடியல.”

பெயர் ஜீனத். டியூஷன் எடுக்கிறாள். தாயார் கதீஜா பீவி. வெள்ளிக்கிழமை திருச்சிக்கு வந்து ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறது கம்பெனி. போட்டால் வழக்கு இல்லை, புது டிக்கெட் உண்டு. போடாவிட்டால் விசாரணை முடியும்வரை எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்களாம். வளைகுடாவில் மகன்; மருமகளுக்கு இந்த மாதம் பிரசவம்.

“உம்மா போடப் போறாங்க. நீங்க வந்து ஒரு தடவ அவங்க சொல்றதக் கேளுங்க. அப்புறமா கூறுங்க.”

டெஸ்க்கில் சேகரைக் கூப்பிட்டேன். ஞாயிறு இணைப்புக்கு ‘விமானத்தில் செய்யக் கூடாதவை’ என்று ஒரு பக்கம் தயாராகிறதாம். முதல் ஐட்டமே இந்தத் தண்ணீர். கார்ட்டூன்கூட வந்துவிட்டது.

“வெள்ளி சாயந்தரம் வரைக்கும் நிறுத்தி வைங்க” என்றேன்.

“என்ன சார், பாட்டிக்கு வக்கீலா?” சிரிப்பு. நிறுத்துவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மாத்திரை வாங்கவில்லை.


அக்டோபர் 7, செவ்வாய்

நாகூர். பாசஞ்சர் ரயில். திருவாரூர் தாண்டியதும் சாலை நெடுக ஈர நெல், தார்ப்பாயோடு. கொள்முதல் நிலைய வாசலில் குறுவை மூட்டைகள் மலை மாதிரி. எதிர் சீட்டில் இருவர்:

“ஈரம் ஜாஸ்திங்கிறான்.”

“மழை பேஞ்சா ஈரமாத்தான்யா இருக்கும். இவன் வந்து பாத்தப்புறந்தான் நெல்லு நனையுதா?”

வீடு தர்காவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கதீஜா பீவி (இனி க.பீ.) என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒல்லி. பேசும்போது ஒரு கை முட்டியைப் பிடித்துக்கொண்டேயிருக்கிறது. கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்:

“ஊத்தினேன் தம்பி. பொய் சொல்ல மாட்டேன்.”

மஃரிப் தொழுகைக்கு உளூ, அதாவது கை, முகம், கால் கழுவுவது. பொழுது சாய்ந்த பிறகு கழிவறைக்குப் போனார். கை, வாய், முகம் எல்லாம் வாஷ்பேசினிலேயே. காலைத் தூக்கி அங்கே வைக்க முட்டி இடம் கொடுக்கவில்லை. பேப்பர் கப்பில் பிடித்துக் காலில் விட்டுக்கொண்டார்.

“எத்தனை கப்?”

“ஒண்ணு. மறுகாலுக்கு இன்னொண்ணு. பேப்பரால தொடச்சும் விட்டேன். வெளிய வந்தா அந்த ஏர்ஹோஸ்டஸ் புள்ள கத்துது. எல்லாரும் பாக்குறாங்க. சீட்டுக்கு வந்து ஒக்காந்தேன். கொஞ்ச நேரத்துல பொகை.”

தீ வேறு, தண்ணீர் வேறு என்று ஜீனத் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். தாயார் கையமர்த்தினார்.

“உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? கரண்டு மேல தண்ணி பட்டா என்ன ஆகும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். அத்தன உசுரு. அல்லா காப்பாத்துனான். கையெழுத்துதானே, போட்டுட்டுப் போறேன்.”

மகனை வேலையிடத்தில் ‘தீ வச்ச உம்மாவோட மவன்’ என்று கூப்பிடுகிறார்களாம்.

வாக்குமூல நகல் பார்த்தேன். ஒரு பக்கம். “ஊழியர் எச்சரித்தும் தரையில் தண்ணீர் ஊற்றினேன்.” எச்சரித்தார்களா? இல்லை. கத்தியது பிறகுதான். இதை மாற்றச் சொல்லுங்கள் என்றேன். “ஒரு வார்த்தைக்குப் போய்…” என்றார்.

ஜீனத்திடம் வாங்கியவை, பயணிகளின் வாட்ஸ்அப்பில் சுற்றும் இரண்டு வீடியோ:
1. பணிப்பெண் கத்துவது. க.பீ. தலைகுனிந்து நிற்கிறார். ஜன்னல்கள் கறுப்பு.
2. கடைசி வரிசை. ஊழியர் ஒருவர் ஜன்னலுக்குக் கீழே சுவர்ப்பலகையை நெம்புகிறார், உள்ளே புகை, கம்பிக்கட்டு, பிறகு தீயணைக்கும் வெள்ளைப் பொடி. எல்லாம் சில நொடி.

திரும்பும் வழியில் ஸ்டேஷனில் டீ. சீனி அதிகம். மனைவி வசந்தா போனில்: “ரிட்டயர் ஆன மனுஷனுக்குத் தினம் ஒரு ஊரா? மாத்திரை வாங்கியாச்சா?”

ஆச்சு என்று சொல்லிவிட்டேன்.


அக்டோபர் 8, புதன்

வெயில், புழுக்கம். மாத்திரை வாங்கினேன்.

டவுன் பஸ்ஸில் திருவையாறு. ராமநாதன் வீடு. கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன். முப்பது வருஷம் விமானப் பராமரிப்பு இன்ஜினீயர், பல நாடுகள். இப்போது சம்பா நடவு. வயலில் நின்றான். நடுகிற பெண்களில் ஒருத்தி சத்தமாக:

“சாரு ஏரோபிளேன்ல எல்லாம் ஏறி எறங்குனவரு. வரப்புலதான் விழுவாரு.”

“வரப்புல ரன்வே லைட் இல்ல தாயி” என்றான் ராமு. முழங்கால்வரை சேறு, உண்மையாகவே விழுந்திருக்கிறான்.

வீட்டில் வீடியோவைப் போட்டுக்காட்டினேன். கேலியெல்லாம் போய்விட்டது. இரண்டாவதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். பிறகு வெளியே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினான். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர், மீட்டருக்குள் நுழையும் முன் ஒரு முழம் கீழே தொங்கி, வளைந்து, மேலேறிப் போகிறது.

“இது எதுக்கு?” என்று என்னைக் கேட்டான்.

“மழைத் தண்ணி வளைவுல சொட்டிடும். மீட்டருக்குள்ள போகாது.”

“அதேதான் அங்கயும். கக்கூஸ் பக்கம், அடுப்படிப் பக்கம் தண்ணி எறங்கும்னு எல்லாருக்கும் தெரியும். காபி கொட்டும், கொழந்த மூத்திரம் போகும். தரை மூட்டுல பசை வச்சு அடைச்சிருக்கணும். கம்பி தொங்கி வளைஞ்சிருக்கணும். ரெண்டு கப் தண்ணிக்குத் தீப்பிடிக்கிற பிளேனு பறக்கவே கூடாதுய்யா.”

வீடியோவில் கம்பிக்கட்டு நேராக, விறைப்பாக. சீட்டில் போன் சார்ஜ் செய்யும் வசதி புதிதாகப் போட்டிருக்கிறார்கள், அதன் கம்பியாக இருக்கலாம் என்றான். அழகாக இருக்கட்டும் என்று இழுத்துக் கட்டுவார்களாம். பிடிப்பு கிளிப்பில் ரப்பர் தேய்ந்தால் கம்பி இரும்பில் உரசும். விமானம் நடுங்கிக்கொண்டேயிருக்கும். மேலுறை கிழியும். பொறி. சின்னது. நின்று, மறுபடி. ஃபியூஸ் விழாது, ஏனென்றால் தொடர்ந்து இழுக்கவில்லை. மேலுறை கரியாகும். அந்தக் கரியே கரண்டைக் கடத்தும்.

“தண்ணி வேண்டாமா?”

“வேண்டியதில்ல. பட்டா சீக்கிரமாகும்.”

“அப்போ தண்ணியால இல்லன்னு எழுதலாமா?”

“எழுதாத. போன்ல நாலு நொடி பாத்துட்டு நான் சத்தியம் பண்ண முடியாது. இப்படி இருக்கலாம், அவ்வளவுதான். உம் பேப்பர்ல ‘இருக்கலாம்’னு போட்டா அவங்க ‘இல்ல’ன்னு ஒரு வரி அனுப்புவாங்க.”

உண்மை.

கிளம்பும்போது வாசலில் நிறுத்தினான்.

“கம்பி உரசி எரிஞ்சா புகைக்கு முன்னாடி வாடை வரும். ரொம்ப முன்னாடி. ஒண்ணே ஒண்ணு கண்டுபுடி. வாடை முதலா, தண்ணி முதலா?”

பஸ்ஸில் வீடியோவை மறுபடி பார்த்தேன். பலகை பெயர்க்கும் இடத்தில் ஒருவன் எழுந்து நிற்கிறான், முதுகு மட்டும். கடைசி வரிசை ஜன்னல் சீட்டுக்காரன். டி-ஷர்ட்டில் கபடிக் குழுவின் பெயர், கீழே ஊர்ப் பெயர். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம். கையில் ஏதோ வெள்ளையாக, ஒயரோடு.

சேகர் மெசேஜ்: “பக்கம் நாளைக்கு லே-அவுட் போகுது சார்.”

பதில் போட்டேன்: “அந்த ஐட்டம் மட்டும் வேண்டாம். காரணம் இருக்கு.” நீல டிக் வந்தது. பதில் இல்லை.


அக்டோபர் 9, வியாழன்

மன்னார்குடி வழியாகத் திருத்துறைப்பூண்டி. பஸ் மாறி கிராமம். கபடி டி-ஷர்ட் என்றதும் டீக்கடையில் மூன்று பேர் முதுகைக் காட்டினார்கள், எல்லோரும் அதே சட்டை. ‘லீவுல வந்து திரும்பிப் போன பிளைட்டே திரும்பி வந்துச்சே, அவன்’ என்றதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள்.

இளங்கோவன். வளைகுடாவில் லாரி ஓட்டுகிறான். குறுவை அறுப்புக்கு வந்தவன். நான் யார் என்று சொன்னதும் முகம் மாறியது. மனைவி செல்வி செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

“கடைசி சீட்டு நீங்கதானே?”

“பொகை வந்துச்சு, எறங்குனோம். அவ்ளோதாங்க.”

“கையில வெள்ளையா என்ன?”

செல்வி அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் எடுத்துவந்து என் முன்னால் வைத்தான். மல்டி பிளக். நாலு ஓட்டை.

சீட்டு சாக்கெட்டில் இதைச் செருகி நாலு பேர் போனுக்கும் சார்ஜ் போட்டிருக்கிறான். ஊரில் எல்லோரும் ஒரே சமயத்தில் பம்ப்செட் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் எரிகிறதே, அதே கணக்கு. லோடு தாங்காமல் தன்னால்தான் பற்றிக்கொண்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அன்றிலிருந்து.

“தண்ணியாலன்னு பேப்பர்ல பாத்தேன் சார். அப்பாடான்னு இருந்துச்சு. பாயம்மா மேல போச்சு, நாம தப்பிச்சோம்னு. அதுக்கப்புறம் சோறு எறங்கல.”

அங்கேயே ராமுவுக்குப் போன், ஸ்பீக்கரில்.

“நாலு போனா? நாப்பது போட்டாலும் அந்த சாக்கெட் தானா செத்துப்போகும்யா, அதுக்குன்னே கட்-ஆஃப் வச்சிருக்கு. சீட்டுல லோடு ஏத்தி சுவத்துக்குள்ள கம்பியை எரிக்க முடியும்னா அது அங்க போட்டவன் தப்பு. உங்க தப்பு இல்ல தம்பி.”

இளங்கோவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். செல்வி முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

பிறகு கேட்டேன். வாடை?

“அது அப்பவே வந்துச்சே சார். மோட்டார் காயில் பத்துற வாடை. வருசா வருசம் கோடையில லோ வோல்டேஜ்ல மோந்து பாக்குறோமே, தெரியாதா? கூப்புட்டு சொன்னேன். சாப்பாடு சூடு பண்றோம்னாங்க. எந்த ஊர்ல சாப்பாடு காயில் வாடை வரும்?”

“எப்போ? பாயம்மா எழுந்து போறதுக்கு முன்னாடியா?”

போனை எடுத்தான். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஜன்னல் வழியே ஆற்றைப் படம் பிடிப்பானாம், செல்விக்கு அனுப்ப. கொள்ளிடம், காவிரி, இரண்டும் தகடு மாதிரி. இறக்கை நுனியில் சூரியன். அவன் குரல்: “ஏம்மா, காயில் பத்துற வாடை வருதும்மா.” போன் உள்பக்கம் திரும்புகிறது. பணிப்பெண் கை மட்டும். “மீல்ஸ் ஹீட் பண்றோம் சார்.” அவளுக்குப் பின்னால், நடைபாதைக்கு அந்தப் பக்க சீட்டில், க.பீ. பெல்ட் போட்டபடி. கையில் தஸ்பீஹ் மணிமாலை. முகத்தில் வெயில்.

மறுபடி போடச் சொன்னேன். கத்துகிற வீடியோவில் ஜன்னல் கறுப்பு. இதில் சூரியன்.

“எனக்கு அனுப்புங்க தம்பி.”

போனை மடியில் கவிழ்த்தான்.

“சார், நாயித்துக்கிழமை எனக்கு அதே கம்பெனி பிளைட்டு. விசா முடியப்போவுது. என் வீடியோன்னு தெரிஞ்சா என்னை ஏத்துவானா? மல்டி பிளக்கைக் காட்டி என் தலையில கட்டுவான்.”

கட்டலாம். இல்லை என்று சொல்ல முடியவில்லை. ராமுவும் போனில் அதைத்தான் சொன்னான்: “கட்டப் பாப்பாங்க. நிக்காது. ஆனா நாளாகும்.”

நாளாகும். அவனிடம் நாள் இல்லை.

செல்வி: “ரெண்டு மாசமா வட்டி கட்டல… வேண்டாம் சார். நீங்க போயிட்டு வாங்க.”

நாளை காலை பாயம்மா கையெழுத்துப் போடப்போகிறார், திருச்சியில், இன்ன இடம் என்று மட்டும் சொன்னேன். வரச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ. வீடியோவை நான் பார்த்தேன் என்று எழுதலாம். காட்டச் சொன்னால் என்னிடம் எதுவும் இல்லை. அவன் பேரைச் சொல்லவும் கூடாது.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம், நின்றே வந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா கோழிக்குஞ்சுக் கூடையோடு. சேகரிடமிருந்து: “லே-அவுட் முடிஞ்சுது. எடுக்கணும்னா நாளைக்கு மதியத்துக்குள்ள, எழுத்துல காரணம் வேணும்.”


அக்டோபர் 10, வெள்ளி

மழை. தஞ்சாவூரில் ஆரம்பித்தது திருச்சி வரைக்கும் விடவில்லை. சாலையோர நெல் என்ன ஆகிறதோ.

கம்பெனி அலுவலகம், விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால். ஏ.சி. அதிகம். க.பீ. முந்தானையை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். ஜீனத் என்னைப் பார்த்ததும் எழுந்தாள். முகத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கம்பெனிக்காரர் இளைஞர். மரியாதையானவர். என்னைப் பார்த்து, “பிரஸ் எதுக்கு சார்? இது அம்மாவோட நல்லதுக்கு.”

“‘எச்சரித்தும்’ன்னு போட்டிருக்கீங்களே. எச்சரிச்சாங்களா?”

“அது ஸ்டாண்டர்ட் ஃபார்மட் சார்.”

“வாடை வருதுன்னு யாராவது முன்னாடியே சொன்னாங்களா?”

முதல் தடவையாகக் கண்ணை என்னிடமிருந்து எடுத்தார். “எங்க ரெக்கார்டுல அப்படி எதுவும் இல்ல.”

க.பீ. பேனா கேட்டார். ஜீனத் கொடுக்கவில்லை. கம்பெனிக்காரர் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். க.பீ. மூடியைக் கழற்றினார். எங்கே போடணும் தம்பி என்றார். அவர் விரலால் காட்டினார்.

“அம்மா, கொஞ்சம் இருங்க” என்றேன்.

“எதுக்கு தம்பி?”

கதவைப் பார்த்தேன். கண்ணாடியில் மழைத்தண்ணீர். அதைத் தவிர ஒன்றுமில்லை.

“பேத்தியோ பேரனோ, பொறக்குறப்ப நான் அங்க இருக்கணும்” என்றார், சமாதானம் சொல்வதுபோல. பேனா தாளைத் தொட்டது. ‘க’ எழுதினார். நிதானமாக எழுதுகிறவர். அடுத்த எழுத்தைத் தொடங்குவதற்குள் கதவு திறந்தது.

இளங்கோவன். நனைந்திருந்தான். பின்னால் செல்வி, குடையை மடக்கியபடி. அவன் கையில் ஒரு பாலித்தீன் பை, அதற்குள் மல்டி பிளக்.

“நீங்க யாருங்க?” கம்பெனிக்காரர்.

“கடைசி சீட்டுங்க.” பையை மேஜைமேல் வைத்தான். “இதையும் பாத்துக்குங்க. நான்தான் போட்டேன். மறைக்கல.” பிறகு க.பீ. பக்கம் திரும்பி: “பாயம்மா, போடாதீங்க. வாடை மொதல்ல வந்துச்சு. நீங்க எழுந்திருக்கவே இல்ல.”

வீடியோவைப் போட்டான். சத்தம் முழுதாக. ஆறு, சூரியன், காயில், மீல்ஸ், தஸ்பீஹ். கம்பெனிக்காரர் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டான். எனக்கு அனுப்புங்க என்றார்.

“சாருக்கு இப்பதான் அனுப்புனேன். விசாரணைக்காரங்களுக்கும் அனுப்பணும், அட்ரஸ் சாரு தருவாரு. உங்களுக்கும் அனுப்புறேன்.”

“உங்க டிக்கெட் நம்பர் சொல்லுங்க.”

செல்வியின் கை அவன் சட்டையைப் பிடித்தது. சொன்னான். எழுத்தெழுத்தாக.

கம்பெனிக்காரர் போனோடு வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால் நடந்தபடி பேச்சு. நான் சேகருக்கு ஒரு வரி அனுப்பினேன்: “காரணம் கையில் இருக்கு. எடுத்துடுங்க. செய்தி தர்றேன்.”

க.பீ. இளங்கோவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒங்க போனெல்லாம் எரிஞ்சு போச்சா தம்பி?”

“இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு.”

“நான் எந்திரிக்கவே இல்லியா?”

“இல்லம்மா. நீங்களே பாத்தீங்களே.”

தலையசைத்தார். இன்னும் கொஞ்சம் அசைத்துக்கொண்டேயிருந்தார். ஜீனத் அழுதாள், சத்தமில்லாமல்.

கம்பெனிக்காரர் திரும்பி வந்தார். இன்றைக்குக் கையெழுத்து வேண்டாமாம். விசாரணை முடியட்டுமாம். அம்மா பயணம்? மேலே கேட்டுச் சொல்கிறேன். இவர் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்? அதையும் கேட்டுச் சொல்கிறேன். எதுவும் உறுதியில்லை. வாக்குமூலத்தை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினார். ஜீனத் அதை ஏற்கெனவே மடித்துப் பைக்குள் வைத்திருந்தாள்.

க.பீ. பேனாவை மூடி அவர் பக்கம் நகர்த்தினார்.

“இங்க தண்ணி வர்ற எடம் எங்க தம்பி? லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு.”

கம்பெனிக்காரர் வராந்தாக் கோடியைக் காட்டினார்.

ஜீனத் எழுந்தாள். “நீ இரு” என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்தபடி தனியாகவே போனார்.

குழாய் திறக்கும் சத்தம். நன்றாகத் திறந்துவிட்டிருந்தார்.